காப்பி போட்டுத் தரலாமா? – திறந்த மூல மென்பொருளின் கதை



கணினித் துறையில் நான் வல்லுநர் அல்லேன். தமிழ்ப்பள்ளி ஒன்றில் பாடம் போதிக்கும் ஆசிரியர், அவ்வளவே. நிரல் எழுதத் தெரியாது. ஆயினும், திறந்த மூல மென்பொருள் என்ற ஒன்றைப் பற்றிப் பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகப் படித்து வருகிறேன். அதற்குக் காரணமானவன் ஒரு மாணவன். அவன் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

நன்னெறிப் பாடமும் ஓர் இறுவட்டும்

2006-ஆம் ஆண்டு. நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளிவந்து நெடுநாள் ஆகவில்லை. நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு நன்னெறிக் கல்வி போதித்துக் கொண்டிருந்தேன். அன்றைய பாடம் நேர்மை. என் பழைய மடிக்கணினியில் படங்களைக் காட்டி, பிறர் பொருளை அவர் இசைவின்றி எடுத்தல் களவாகும் என்று விளக்கினேன். பாடம் இனிதே முடிந்தது.

மணி அடித்ததும் ஒரு மாணவன் என் மேசையருகே வந்து நின்றான்.

"டீச்சர், இந்தப் படம் காட்டும் மென்பொருளை எனக்கும் ஒரு காப்பி போட்டுத் தரலாமா? அக்காவின் கணினியில் போட்டுக்கொள்வேன்."

"அது கூடாது. சட்டப்படி குற்றம்" என்றேன்.

அவன் சற்று யோசித்துவிட்டு, "அப்படியென்றால், நீங்கள் காசு கொடுத்து வாங்கினீர்களா டீச்சர்?" என்று கேட்டான்.

அவன் குறும்பாகக் கேட்கவில்லை. பத்து வயதுப் பிள்ளையின் இயல்பான ஐயம் அது. நான், "நேரமாகிவிட்டது, அடுத்த வகுப்புக்குப் போ" என்று அனுப்பி வைத்தேன். உண்மை என்னவென்றால், அந்த மென்பொருள் கல்லூரி நாள்களில் இரவுச் சந்தையில் சில ரிங்கிட்டுக்கு வாங்கிய இறுவட்டில் இருந்து வந்தது. அக்காலத்தில் அது எங்களுக்குத் தவறாகவே தோன்றியதில்லை. எல்லாரும் செய்தார்கள், நானும் செய்தேன். களவைப் பற்றிய பாடத்தை, களவாடிய கருவியைக் கொண்டே நடத்தியிருக்கிறேன் என்பது அந்தக் கேள்விக்குப் பிறகுதான் உறைத்தது.

அசல் மென்பொருளின் விலையை விசாரித்தேன். புதிய ஆசிரியரின் சம்பளத்திற்கு அது எட்டாத விலை. அப்போதுதான் சக ஆசிரியர் ஒருவர், "ஓப்பன் ஆபீஸ் என்று ஒன்று இருக்கிறது. காசு வேண்டாம், சட்டத்திற்கும் புறம்பன்று" என்றார். நானும், "ஆகா, இலவசம்!" என்று மகிழ்ந்து பதிவிறக்கம் செய்தேன். பல ஆண்டுகள் வரை அதன் பொருள் 'இலவசம்' என்றே எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் எவ்வளவு குறைபாடுடையது என்பதை இதன் வரலாற்றைப் படித்த பிறகே அறிந்தேன்.

கோலமும் மூலநிரலும்

வரலாற்றுக்குள் புகுமுன், 'மூலம்' என்றால் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

தீபாவளி நெருங்கினால் நம் ஊர்க் கடைகளில் ஒட்டுக் கோலங்கள் விற்பனைக்கு வரும். வாங்கித் தரையில் ஒட்டினால் போதும். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதைப் பெரிதாக்க முடியாது. ஓரத்தில் ஒரு பூவைச் சேர்க்க முடியாது. நம் பாட்டிமாரின் கோல நோட்டு அப்படியன்று. எத்தனைப் புள்ளி, எத்தனை வரிசை, நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா, இழை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்த்து யாரும் போடலாம், மாற்றலாம், அடுத்த வீட்டுப் பெண்ணுக்கும் எழுதிக் கொடுக்கலாம்.

மென்பொருளும் இவ்வாறே. மனிதர்கள் படிக்கக்கூடிய கட்டளைகளாக நிரலர் எழுதுவது மூலநிரல். அதனைக் கணினிக்கு மட்டுமே புரியும் எண்களாக மாற்றிய பின் கிடைப்பது நாம் நிறுவும் மென்பொருள். பெரும்பாலான வணிக நிறுவனங்கள் ஒட்டுக் கோலத்தை விற்கும். நோட்டைப் பூட்டி வைத்துக்கொள்ளும். திறந்த மூல மென்பொருளோ நோட்டையும் சேர்த்தே தருகிறது. அதைப் பயன்படுத்தவும் மாற்றவும் பிறருக்குத் தரவும் உரிமையையும் எழுத்து மூலமாக அளிக்கிறது.

பூட்டு வந்த கதை

தொடக்கத்தில் இந்தப் பூட்டே இல்லை என்பதை அறிந்தபோது வியப்பாக இருந்தது. 1950, 60-களில் கணினி என்பது ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் இயந்திரம். விலை அந்த இயந்திரத்துக்குத்தான். மென்பொருள் பெரும்பாலும் அதனுடன் சேர்ந்தே வந்தது. மூலநிரலும் உடன் வந்தது. 1969-இல் ஐ.பி.எம். நிறுவனம் மென்பொருளுக்குத் தனி விலை வைக்கப் போவதாக அறிவித்தது. மென்பொருள் ஒரு தனி வணிகப் பொருளாக வளர்ந்தது அதன் பிறகுதான்.

1976 பிப்ரவரியில் இருபது வயது இளைஞர் ஒருவர், கணினி ஆர்வலர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். அவர்தாம் பில் கேட்ஸ். 'ஆல்டேர்' கணினிக்காகத் தாமும் தம் நண்பர்களும் உழைத்து எழுதிய மென்பொருளைப் பலரும் காசு கொடுக்காமல் படியெடுத்துக்கொள்கிறார்கள் என்றும், அது திருட்டு என்றும் அதில் குறைபட்டுக்கொண்டார். இரவுச் சந்தை இறுவட்டு வாங்கிய எனக்கு அந்த மடலின் செய்தி சுருக்கென்று தைத்தது. உழைத்தவன் கூலி கேட்பதில் என்ன தவறு? அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு என்பதை நாம் மறுக்கலாகாது.

ஆனால் மறுபக்கமும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் செயற்கை அறிவுக் கூடத்தில் பணியாற்றியவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். அங்கிருந்த பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொண்டால் பயனர்களுக்குச் செய்தி போகும்படி அவர் அதன் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். பின்னர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் புதிய அச்சுப்பொறி வந்தது. அதற்கு மூலநிரல் தரப்படவில்லை. அது வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தாரிடம் கேட்டபோது, யாருக்கும் தருவதில்லை என்று ஒப்பந்தம் செய்திருப்பதாகக் கூறி மறுத்துவிட்டார். தாள் சிக்குவது சிறிய தொல்லைதான். ஆனால் தெரிந்தவருக்கு உதவ மாட்டேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடும் வழக்கம் ஸ்டால்மனை மிகவும் வருத்தியது. இதனை அவரே பல உரைகளில் கூறியிருக்கிறார்.

1983 செப்டம்பர் 27-ஆம் நாள், யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் கூடிய ஓர் இயங்குதளத்தை உருவாக்கப் போவதாக அவர் அறிவித்தார். அதற்குக் 'குனு' என்று பெயரிட்டார். 1984 ஜனவரியில் எம்.ஐ.டி. வேலையை விட்டார். 1985-இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு நான்கு உரிமைகள் வேண்டும் என்பது அவர் கொள்கை. நிரலர்கள் எண்ணுவது போலவே அவற்றைச் சுழியத்திலிருந்து எண்ணுவர்:

0. எந்த நோக்கத்திற்காகவும் மென்பொருளை இயக்கும் உரிமை.
1. அது எவ்வாறு செயல்படுகிறது என்று ஆராய்ந்து, வேண்டியவாறு மாற்றும் உரிமை.
2. பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கும் உரிமை.
3. மாற்றியமைத்த வடிவத்தையும் பிறருக்குத் தரும் உரிமை.

இரண்டாம் எண்ணைப் படித்தபோது என் மாணவனின் முகம் நினைவுக்கு வந்தது. அவன் கேட்டது இதைத்தானே! "எனக்கும் ஒரு காப்பி" என்று நண்பன் கேட்கிறான். கொடுத்தால் ஒப்பந்தத்தை மீறியவன் ஆவேன். மறுத்தால் உதவாதவன் ஆவேன். இரண்டும் நன்னெறிக்குப் பொருந்தா. இப்படி ஓர் இக்கட்டில் மனிதர்களை நிறுத்தும் ஒப்பந்தமே பிழையானது என்பது ஸ்டால்மனின் வாதம். அதற்காக அவர் ஒப்பந்தத்தை மீறச் சொல்லவில்லை. மீறத் தேவையில்லாத மென்பொருளை எழுதிக் காட்டினார். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

1989-இல் வெளியான குனு பொதுமக்கள் உரிமம், சுருக்கமாக ஜி.பி.எல்., இந்த உரிமைகளுக்குச் சட்டப் பாதுகாப்புத் தந்தது. இந்த உரிமத்தின் கீழ் வந்த மென்பொருளை நீங்கள் மாற்றி வெளியிட்டால், அதே உரிமைகளை அடுத்தவருக்கும் தந்தாக வேண்டும். நோட்டைப் பெற்றவர் அதைப் பூட்டி வைக்கலாகாது.

ஹெல்சிங்கியிலிருந்து ஒரு மாணவர்

குனு இயங்குதளத்தின் பல பகுதிகள் தயாராகிவிட்டன. ஆனால் இயந்திரத்தோடு நேரடியாகப் பேசும் 'கருனி' என்னும் உட்பகுதி மட்டும் முழுமை அடையவில்லை. அந்த இடத்தை நிரப்பியவர் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ். 1991 ஆகஸ்டு 25-ஆம் நாள், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதி வருவதாகவும், அது குனு போலப் பெரிதாக இராது என்றும் இணையக் குழு ஒன்றில் எழுதினார். அப்போது அவருக்கு வயது 21. 1992-இல் அவர் தம் 'லினக்ஸ்' கருனியை ஜி.பி.எல். உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தார். உலகெங்குமிருந்து முகம் தெரியாத பலர் அதில் திருத்தங்களை அனுப்பத் தொடங்கினர்.

இன்று அந்தப் 'பொழுதுபோக்கு' எங்கே இருக்கிறது தெரியுமா? உலகின் மிகவும் விரைவான 500 மீக்கணினிகள் அனைத்தும் 2017 நவம்பர் முதல் லினக்ஸில் இயங்குகின்றன. 2021 ஏப்ரல் 19-ஆம் நாள் செவ்வாய்க் கோளில் பறந்த 'இன்ஜெனுயிட்டி' என்னும் சிறிய உலங்கு வானூர்தியின் உள்ளும் அதுவே இருந்தது. நம் சட்டைப் பையில் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடியிலும் அந்தக் கருனிதான் இருக்கிறது.

'திறந்த மூலம்' என்ற பெயர் பின்னர் வந்தது. 1998 ஜனவரியில் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் இணைய உலாவியின் மூலநிரலை வெளியிடப் போவதாக அறிவித்தது. அதனையொட்டிப் பிப்ரவரி 3-ஆம் நாள் கலிபோர்னியாவில் கூடிய சிறு குழுவில் கிறிஸ்டின் பீட்டர்சன் என்ற அம்மையார் முன்மொழிந்த பெயர் அது. ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற சொல்லுக்கு விலையில்லாதது என்றும் பொருள், விடுதலை உடையது என்றும் பொருள். இந்தக் குழப்பத்தாலும் வணிக நிறுவனங்களின் தயக்கத்தாலும் புதுப்பெயர் தேவைப்பட்டது. தமிழில் நமக்கு அந்தக் குழப்பம் இல்லை. 'இலவசம்' வேறு, 'கட்டற்றது' வேறு. இருந்தும் நான் இலவசம் என்றே நினைத்திருந்தேனே! காசில்லாமல் கிடைப்பதெல்லாம் திறந்த மூலம் அன்று. கைப்பேசியில் விளம்பரத்துடன் வரும் எத்தனையோ செயலிகளுக்கு விலை இல்லை. ஆனால் அவற்றின் நோட்டு பூட்டியேதான் இருக்கிறது.

அப்படியானால் எழுதுபவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்? சிலர் ஓய்வு நேரத்தில் எழுதுகிறார்கள். சிலருக்கு நிறுவனங்களே சம்பளம் தருகின்றன. மென்பொருளைத் திறந்து வைத்துவிட்டு, பராமரிப்புக்கும் உதவிக்கும் கட்டணம் வாங்கும் நிறுவனங்களும் உண்டு. அவ்வாறு வளர்ந்த ரெட் ஹேட் நிறுவனத்தை 2019-இல் ஐ.பி.எம். 3,400 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. மென்பொருளுக்குத் தனி விலை வைத்த அதே ஐ.பி.எம்.!

உரிமையாளர் மாறினால் என்ன ஆகும்?

நான் பதிவிறக்கிய ஓப்பன் ஆபீஸுக்கும் ஒரு கதை உண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த மார்கோ போரிஸ் 1980-களில் பள்ளிப் பருவத்திலேயே தொடங்கிய நிறுவனம் 'ஸ்டார் ஆபீஸ்' என்ற மென்பொருளை உருவாக்கியது. 1999-இல் சன் நிறுவனம் அதனை வாங்கி, 2000-இல் மூலநிரலைத் திறந்துவிட்டது. 2010-இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. புதிய உரிமையாளரின் கீழ் இதன் எதிர்காலம் என்னாகுமோ என்று தன்னார்வலர்கள் கவலை கொண்டனர். சாதாரண மென்பொருளாக இருந்திருந்தால் கவலைப்படுவதோடு கதை முடிந்திருக்கும். மூலநிரல் திறந்திருந்ததால் 2010 செப்டம்பர் 28-ஆம் நாள் அவர்கள் அதன் படியை எடுத்துக்கொண்டு 'லிப்ரே ஆபீஸ்' என்ற பெயரில் தனியே கிளம்பினர். நான் இன்று சோதனைத்தாள் தயாரிப்பது அதில்தான்.

மென்பொருளை வாங்குபவருக்கும் உரிமையைப் பெறுபவருக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது. வீட்டுக்காரர் மாறினால் வாடகைக்குக் குடியிருப்பவர் அஞ்ச வேண்டும். சொந்த வீட்டில் இருப்பவருக்கு அந்த அச்சம் இல்லை.

தமிழுக்கு நேர்ந்தது

இந்த வேறுபாட்டை நான் ஏட்டில் மட்டும் படிக்கவில்லை, பட்டும் அறிந்தேன்.

2013-இல் புதிய மடிக்கணினி வாங்கினேன். 2006 முதல் 2009 வரை தயாரித்த பயிற்சித் தாள்கள், கட்டுரை வழிகாட்டிகள், செய்யுள் விளக்கங்கள் எல்லாவற்றையும் அதில் ஏற்றித் திறந்தேன். தமிழே இல்லை! ஆங்கில எழுத்துகளும் விளங்காத குறிகளும் பக்கம் பக்கமாக நின்றன. நான்கு ஆண்டு உழைப்பு, எத்தனையோ இரவுகள். தட்டச்சுச் செய்யப் பயன்படுத்திய எழுத்துருவின் இறுவட்டு பழுதாகியிருந்தது. அதை வெளியிட்டவர்களோ அந்தப் பணியை நிறுத்தி நாளாகியிருந்தது. அவர்களைக் குறைகூற நான் வரவில்லை. அக்காலத்து முறையே அப்படித்தான் இருந்தது.

அது என்ன முறை? கணினி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கிறது. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களில் தமிழ் எழுத்தின் வடிவத்தை ஒட்டி வைத்தன பழைய எழுத்துருக்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக ஒட்டினர். ஒருவரின் 'க' மற்றவரின் 'ப' ஆகலாம். எழுத்துரு இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஆங்கிலக் குறிகள்தாம் தெரியும். நான் தமிழில் எழுதியதாக எண்ணினேன். கணினியைப் பொறுத்தவரை நான் ஒருநாளும் தமிழ் எழுதவே இல்லை.

இந்த நிலையை மாற்றத் தமிழர்கள் பல முனைகளில் உழைத்தனர். நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1985-லேயே 'முரசு' மென்பொருள் வழியாகக் கணினியில் தமிழைக் கொண்டுவந்த முன்னோடி. 1990-களின் இறுதியில் பல நாட்டுத் தமிழ் ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியே கூடி விவாதித்துத் 'தகுதரம்' என்னும் பொதுக் குறியாக்கத்தை வகுத்தனர். 1999-இல் தமிழ்நாட்டு அரசு 'தாம்', 'தாப்' என்னும் தரங்களையும் தமிழ் 99 விசைப்பலகையையும் ஏற்றது. 2000-இல் உத்தமம் அமைப்பு தோன்றியது. இறுதியில், 1991 முதலே தமிழுக்கு இடம் அளித்திருந்த ஒருங்குறி பரவலாகி, இன்று கைப்பேசி வரை வந்துவிட்டது. ஒருங்குறியில் தமிழ் எழுத்துகளுக்கு உலகெங்கும் ஒரே எண்கள்தாம்.

ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ஒருங்குறி என்பது திறந்த தரம். திறந்த மூல மென்பொருள் அன்று. வணிக மென்பொருளிலும் அது உண்டு. இரண்டும் உடன்பிறப்புகள், ஆனால் ஒன்றல்ல. என் கோப்புகளைப் பூட்டியது திறந்த தரம் இன்மை. அவற்றை மீட்டுத் தந்ததோ ஒரு தன்னார்வலர் எழுதிப் பொதுவில் வைத்த எழுத்துரு மாற்றி. இளைய ஆசிரியர் ஒருவர் எனக்கு அதைக் காட்டினார். பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. சில இடங்களில் கொம்பும் காலும் இடம் மாறி நின்றன. பழைய முறையில் 'கெ' என்று எழுதக் கொம்பை முதலில் இட்டுப் பின்னர் ககரத்தை இடுவோம். ஒருங்குறியில் ககரம் முதலில், கொம்பு பின்னர். அவற்றையெல்லாம் கையால் திருத்தினேன். இன்று 'ஓப்பன்-தமிழ்' என்னும் நிரல் தொகுப்பில் இத்தகைய பழைய குறியாக்கங்களை மாற்றும் வழிகள் யாவரும் படிக்கும் வண்ணம் திறந்தே கிடக்கின்றன. எழுதியவர்கள் ஒதுங்கினாலும் வழி அழியாது.

மற்றொன்றும் உண்டு. 1998-இல் ஐஸ்லாந்து நாட்டினர் விண்டோஸ் இயங்குதளம் தங்கள் மொழியில் வேண்டும் என்று மைக்ரோசாப்டிடம் கேட்டனர். மூன்று இலட்சத்திற்கும் குறைவான மக்கள். சந்தை சிறிது என்று முதலில் தயக்கம் காட்டிய அந்நிறுவனம், பின்னர்தான் இசைந்தது. சந்தை சிறிதாக உள்ள மொழிகளின் நிலை இதுவே. கேட்க வேண்டும், காத்திருக்க வேண்டும். திறந்த மூலத்தில் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. 2000-களின் தொடக்கத்தில் 'தமிழா!' குழுவினர் ஓப்பன் ஆபீஸ், மோசில்லா முதலியவற்றைத் தமிழாக்கத் தாமே முனைந்தனர். கோப்பு, தொகு, சேமி, சாளரம் என்ற சொற்கள் திரையில் தமிழாகவே வந்து நின்றன. இன்று ஃபயர்ஃபாக்ஸ் உலாவியையும் லிப்ரே ஆபீஸையும் தமிழ் இடைமுகத்தில் பயன்படுத்தலாம். மொழியாசிரியர் என்ற முறையில் இதனை நான் சிறிய செய்தியாகக் கருதவில்லை. தமிழ் வீட்டுக்கும் கோயிலுக்கும் மட்டுமான மொழி என்று எண்ணும் பிள்ளையிடம், இந்தத் திரையைக் காட்டினாலே போதும்.

அன்றாட வாழ்வில்

"எனக்கும் இதற்கும் தொடர்பில்லை" என்று நினைப்பவர்கள் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். மாணவர்களுக்குக் காணொளி காட்டும் வி.எல்.சி., பாரிசு நகரையொட்டிய ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்களின் முயற்சியில் பிறந்து 2001-இல் திறக்கப்பட்டது. செய்யுளைப் பதிவு செய்து வெட்டி ஒட்டும் ஆடாசிட்டி, படம் திருத்தும் கிம்ப், குழந்தைகள் வரைந்து மகிழும் டக்ஸ் பெயின்ட் ஆகியவை அனைத்தும் திறந்த மூலமே. 2003 முதல் தமிழில் இயங்கும் விக்கிப்பீடியாவின் அடித்தளமும் அவ்வாறானதே. பல பல்கலைக்கழகங்கள் இணையவழிக் கற்பித்தலுக்குப் பயன்படுத்தும் மூடில், 2002-இல் வெளிவந்தது. அதை உருவாக்கிய மார்ட்டின் டூஜியமாஸ், ஆஸ்திரேலியாவின் ஒதுக்குப்புறத்தில் வானொலி வழியாகப் பள்ளிப் பாடம் கற்று வளர்ந்தவர்.

நம் நாட்டிலும் 2004-இல், அப்போது 'மாம்பு' என்று அழைக்கப்பட்ட அரசு அமைப்பு, பொதுத்துறையில் திறந்த மூல மென்பொருளைப் பரப்பும் திட்டத்தைத் தொடங்கியது.

குறைகளும் உண்டு

புகழ்ந்து மட்டும் எழுதினால் அது விளம்பரம் ஆகிவிடும். முதல் ஆண்டில் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். வீட்டில் ஓப்பன் ஆபீஸில் தயாரித்த தாள், பள்ளிக் கணினியில் திறந்தபோது கட்டங்கள் கலைந்து நின்றன. உதவிக்கு அழைக்கத் தொலைபேசி எண் இல்லை. ஆங்கிலத்தில் தேடிப் படித்துத்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது.

பெரிய குறைகளும் வெளிப்பட்டுள்ளன. இணையத்தின் பாதுகாப்புக்காக எங்கும் பயன்படும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். நிரலில் 'ஹார்ட்பிளீட்' என்னும் ஓட்டை ஈராண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்து, 2014-இல்தான் தெரியவந்தது. எல்லாரும் பார்க்கலாம் என்பதனால் எல்லாரும் பார்க்கிறார்கள் என்று பொருளாகாது. பார்த்தவர்கள் மிகச் சிலர். உலகமே அவர்கள் தோளில் சாய்ந்திருந்தது.

2024 மார்ச்சில் நடந்தது இன்னும் திகைப்பானது. 'எக்ஸ்-இசட்' என்னும் சிறு கருவியில், நல்லவர் போல ஈராண்டுக்கு மேல் பழகி நம்பிக்கை பெற்ற ஒருவர், கள்ளக் கதவு ஒன்றை வைத்துவிட்டார். அதைக் கண்டுபிடித்தவர் ஆன்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்னும் பொறியாளர். தம் கணினிக்குள் நுழையும்போது வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, ஏன் என்று தோண்டிப் பார்த்தார். தோண்டிப் பார்க்க அவரால் முடிந்தது, ஏனெனில் அது பூட்டப்படவில்லை.

ஆகவே, திறந்த மூலம் தானாக நம்மைக் காப்பதில்லை. காக்க விரும்புபவர் உள்ளே வர வழி விடுகிறது, அவ்வளவே. வருவதும் வராததும் நம் கையில். நிரல் எழுதத் தெரியாத நம்மைப் போன்றோர் என்ன செய்யலாம்? மொழிபெயர்ப்பில் பிழை கண்டால் தெரிவிக்கலாம். தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையைத் திருத்தலாம். நாம் தயாரித்த பயிற்சித் தாளைப் பூட்டி வைக்காமல் அடுத்த பள்ளி ஆசிரியருக்கும் தரலாம். மீட்டெடுத்த என் பழைய தாள்களை இப்போது கேட்பவர்க்கெல்லாம் கொடுக்கிறேன். சிலர் திருத்திப் புதிய பாடத்திட்டத்திற்கு ஏற்றவாறு மாற்றி எனக்கே திருப்பி அனுப்புகிறார்கள். அவை முன்னைவிட நன்றாகவே இருக்கின்றன.

ஒரு கேள்விக்கு விடை

சென்ற தவணையில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "டீச்சர், நீங்கள் பயன்படுத்தும் இதை எனக்கும் போட்டுத் தர முடியுமா?" என்று லிப்ரே ஆபீஸைக் காட்டிக் கேட்டாள். "தாராளமாக" என்று சொல்லி, விரலியில் ஏற்றிக் கொடுத்தேன். "உன் தோழிகள் கேட்டால் நீயும் கொடுக்கலாம். அதில் தவறில்லை" என்றும் சொன்னேன். அவள் அதனைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தலையசைத்துவிட்டு ஓடிவிட்டாள்.

2006-இல் என் மேசையருகே நின்ற மாணவன் இப்போது முப்பதை நெருங்கும் இளைஞனாக இருப்பான். அவன் கேள்வியை நான் அன்று தட்டிக் கழித்தேன். எங்கேனும் இருந்து இதனை அவன் படிக்க நேர்ந்தால், அவனுக்கான விடை இது: இல்லை தம்பி, நான் காசு கொடுத்து வாங்கவில்லை. அன்றே அதை உன்னிடம் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.